செல்வநாயகி புதுப்பிப்பை நிறுத்திய விவகாரம்

சமுகமளித்தோர்: தலைவர், ஓய்வுநிலை அதிபர் ஏர்னெஸ்ட். செயலாளரும் எண்ணிம இணைப்பாளருமான சுபாஸ். பொருளாளர் சீவரத்தினம், நித்திரையில். பங்குக்காரர் தேவராசா. பங்குக்காரி செல்வநாயகி. பெயர் சொல்லத் தேவையில்லாத பங்குக்காரர்கள் சிலர், எல்லாவற்றுக்கும் கை உயர்த்துவதற்காக. குத்துவிளக்கு ஒன்று. தேவராசாவின் மடியில் ஒரு பை. பைக்குள் செத்த வெங்காயம்.

இடம் சனசமூக நிலையம். நாள் போயா, முழுநிலவு விடுமுறை. சங்கம் போயா நாளில் மட்டுமே கூடும். மற்ற நாட்களில் செயலாளருக்கு வேறு வேலை, தலைவருக்குப் பகல் நித்திரை. ஒரு போயாவுக்கு அடுத்த நாள் ஒருவனுக்குத் தண்ணீர் நின்றுபோனால் அவன் அடுத்த முழுநிலவு வரை பொறுத்திருக்க வேண்டும். வெங்காயத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சங்கத்தின் முழுப்பெயர் சண்டிலிப்பாய் வடலித்தோட்டப் பங்குக் கிணற்றுப் பாவனையாளர் எண்ணிம நிலைமாற்றச் சங்கம். தலைவர் வைத்த பெயர்; எண்ணிமம் என்றால் டிஜிட்டல். துணிப் பனரில் ஒரு வரியில் அடங்காததால் ‘நிலைமாற்ற’ என்பதை இரண்டாகப் பிளந்து அச்சடித்திருந்தார்கள்.

முதலில் தேவாரம். பிறகு கிறிஸ்தவரான தலைவருக்காக ஒரு ஜெபம். பிறகு காலஞ்சென்ற முன்னாள் பொருளாளருக்கு மௌன அஞ்சலி. அவர் செத்து எத்தனையோ கூட்டங்கள் போய்விட்டன. அஞ்சலியை நிறுத்தச் சொல்லி ஒருவரும் பிரேரிக்காததால் அது தொடர்ந்தது. பிறகு வரவேற்புரை. ஒருவரையொருவர் தினமும் வேலிக்கு மேலால் பார்க்கிற அந்த மனிதர்களைச் சுபாஸ் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வரவேற்றான்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் தேவராசா எழும்பி, பையைக் கவிழ்த்து, வெங்காயத்தை மேசையில் கொட்டினார்.

சங்கம் ஏன் வந்தது என்று சொல்லாமல் அந்த வெங்காயம் ஏன் செத்தது என்று சொல்ல முடியாது.

வடலித்தோட்டத்தில் ஒரு கிணறு. அதற்குப் பலர் பங்கு. காணி பிரிகிறபோது கிணறும் பிரியும். ஒருவருக்குக் காற்பங்கு, இன்னொருவருக்கு அரைக்காற்பங்கு. கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாததால் நேரத்தைப் பிரித்தார்கள். அதற்குப் பெயர் முறை. தன் முறை வந்தவர் தன் இறைப்பு மெசினைத் தூக்கிக்கொண்டு வருவார், இறைப்பார், போவார். இதில் பெரிய அழகு ஒன்றும் இருக்கவில்லை. முறை பிந்தினால் சண்டை வரும். மண்வெட்டிப் பிடியால் மண்டை உடைந்திருக்கிறது. ஆனால் மண்டை உடைந்தவரும் அன்று பின்னேரம் இறைத்தார்.

பிறகு திட்டம் வந்தது. வெளிநாட்டுக் காசு. எந்த நாடு என்று பங்குக்காரர்களுக்கு நினைவில்லை. கொடி மட்டும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அது மோட்டார் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. மின்மோட்டார் ஒன்று, அதற்கு ஓர் அறை, அறைக்கு இரும்புக் கதவு, கதவுக்கு மின்பூட்டு, பங்குக்காரருக்கு ஆளுக்கொரு போன். போனுக்குள் நீர்முறை என்று ஒரு செயலி. முறை வந்தவர் செயலியில் பொத்தானை அமர்த்தினால் கதவு திறக்கும், உள்ளே போய் மோட்டாரைப் போடலாம். ஒப்பந்தப்படி வேறு மெசின் கிணற்றில் இறக்கக்கூடாது. இறக்காமல் இருப்பதற்காகக் கிணற்றைக் கம்பிவலையால் மூடி வெல்டிங் செய்தார்கள். ஒருவரின் முறையை இன்னொருவர் வாங்குவதும் குற்றம்.

கதவு விசேடமான கதவு. விட்டால் தானாக மூடும், மூடினால் தானாகப் பூட்டும். உட்புறத்தில் கைப்பிடி கிடையாது. உள்ளிருந்து திறப்பதற்கும் போன்தான் வேண்டும். திறப்பு விழாவில் ஏர்னெஸ்ட் இதைப் பெருமையாக விளக்கினார்.

“உள்ளுக்குப் போற கள்ளன் வெளியிலை வரேலாது. உந்த வசதி வேறை எந்தக் கிணத்திலையும் இல்லை.”

கள்ளர் ஒருவரும் போகவில்லை. பங்குக்காரர்கள்தான் போய்வந்தார்கள். ஆகவே கதவு மூடாமலிருக்க ஒரு கல்லை வைத்தார்கள். அந்தக் கல் திட்ட அறிக்கையின் படத்தில் விழுந்துவிட்டது. கொழும்பில் யாரோ அதைப் பார்த்துவிட்டு இது என்ன கல் என்று கேட்டார்களாம். அடுத்த போயாவில் தீர்மானம் நிறைவேறியது: மோட்டார் அறைக் கதவுக்குக் கல் வைப்பது எண்ணிம நிலைமாற்றத்தை அவமதிக்கும் செயல், இன்றிலிருந்து தடை. கல்லை வேலிக்கு அப்பால் எறிந்தார்கள்.

சில காலம் எல்லாம் ஓடியது. ஒரு காலையில் தேவராசா தன் முறைக்குப் போனபோது போன் புதிய முகத்தோடு இருந்தது. இரவில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. நீர்முறையைத் தட்டினால் ‘இந்தச் செயலி உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்று வந்தது. சுபாஸுக்கு அழைத்தார். போயாவன்று முறைப்பாடாகத் தரும்படி சுபாஸ் சொன்னான். போயா வந்தபோது தருவதற்கு அவரிடம் இருந்தது மேசையில் கிடந்ததுதான்.

சுபாஸ் வெங்காயத்தைக் கையால் தொடவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை அதில் படாமல் பிடித்துக்கொண்டான்.

“அண்ணை, செயலியிலை பிழையில்லை. போனிலையும் பிழையில்லை. ரெண்டும் ஒத்துவரேல்லை, அவ்வளவுதான்.”

“அப்ப என்ரை வெங்காயம்?”

“அது செயலிக்குள்ளை வராது.”

ஏர்னெஸ்ட் எழுந்து நின்றார். எழுந்தால் அவர் பேச்சுக்குக் குறைந்து எதையும் செய்யமாட்டார்.

“போன் தன்னைத் தானே புதுப்பிக்குது. ஆரும் சொல்லாமலே புதுப்பிக்குது. எங்கடை சனத்திட்டை உந்தக் குணம் இருந்திருந்தா நாங்கள் எங்கையோ போயிருப்பம். தேவராசா தண்ணியைப் பாக்கிறார். நான் வளர்ச்சியைப் பாக்கிறன். நான் தோட்டம் செய்யிறேல்லை, என்ரை பங்கைக் குத்தகைக்குக் குடுத்திட்டன். அதாலைதான் தண்ணி விசயத்திலை என்னாலை நடுநிலையா இருக்க முடியுது.”

கைதட்டினார்கள். சத்தத்தில் சீவரத்தினம் விழித்து, அவரும் தட்டினார். தேவராசாவின் போனைக் கொழும்புக்கு அனுப்புவது என்றும், செத்த வெங்காயத்துக்குச் சங்கம் வருத்தம் தெரிவிப்பது என்றும் முடிவாயிற்று. போனைக் கொடுத்தவருக்குச் செயலி இல்லாத வேறொரு போன் தந்தார்கள்.

செல்வநாயகி அந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காணி தேவராசாவினுடையதற்குப் பக்கத்தில், வாய்க்காலின் கடைசியில். அந்த வருடம் காணி முழுவதும் சின்ன வெங்காயம் வைத்திருந்தாள். புகையிலை வைக்கவில்லை, மிளகாய் வைக்கவில்லை. வெங்காயம் போனால் வேறு எதுவும் இல்லை. கணவன் உயிரோடு இல்லை. இருந்த காலத்திலும் தோட்டத்துக்கு வந்ததில்லை.

அவள் போனிலும் அந்த அறிவித்தல் வந்துவிட்டது. புதுப்பிப்பு தயார், இரவில் தானாக நிறுவப்படும். சார்ஜ் குறைவாக இருந்தால் நிறுவாது என்று யாரோ சொன்னார்கள். ஆகவே போனைப் பட்டினி போட்டாள். முறை வந்த காலையில் போன் செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடி, சார்ஜ் ஏறும்வரை நின்று, முறையில் பாதியைத் தவறவிட்டாள். அன்று பின்னேரம் பஸ் ஏறிக் கொக்குவிலில் ஒரு போன் கடைக்குப் போனாள்.

கடையில் தர்சிகா என்று ஒரு பிள்ளை. உடைந்த கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டுக்கொண்டு, போனை வாங்கி அமைப்புகளுக்குள் போய், அடியில் ஓரிடத்தைக் காட்டினாள்.

“உந்தப் பதிப்பு எண்ணிலை ஏழுதரம் தட்டுங்கோ அக்கா.”

“ஏன் பிள்ளை ஏழு?”

“ஆருக்குத் தெரியும். ஏழு தட்டினாத்தான் உள்ளுக்கு விடும்.”

செல்வநாயகி தட்டினாள். நீங்கள் இப்போது டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று போன் சொன்னது. அவள் கையை எடுத்துவிட்டாள். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும், பயப்பட ஒன்றுமில்லை என்று தர்சிகா சொல்லி, உள்ளே திறந்த புதிய பட்டியலில் தானியங்கு சிஸ்டம் புதுப்பிப்பு என்று இருந்ததை நிறுத்திவிட்டாள். ஒரேயடியாக இப்படி விடவேண்டாம், செயலிக்காரர் தங்கள் செயலியைத் திருத்திய பிறகு மறுபடி போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னாள். காசு வாங்கவில்லை. அடுத்த ஆளின் போனை எடுத்துவிட்டாள்.

அதோடு விசயம் முடிந்திருக்க வேண்டும். அவள் முறைக்குக் கதவு திறந்தது, வெங்காயம் குடித்தது. ஆனால் செல்வநாயகி, வடலித்தோட்டத்தில் வாழ்கிற ஒருவர் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தாள். சங்கத்துக்கு உதவி செய்யப் பார்த்தாள்.

அடுத்த போயாவில் ‘வேறு விடயங்கள்’ என்ற இடம் வந்தபோது எழுந்து, தான் செய்ததைச் சொல்லி, மற்றவர்களும் அப்படிச் செய்தால் தண்ணீர் நிற்காது என்றாள். அதற்குள் இன்னும் இருவரின் போன்கள் புதுப்பித்துக்கொண்டு, அவர்களுடைய பீற்றூட்டும் கத்தரியும் காய்ந்திருந்தன. தன்னை யாராவது பாராட்டுவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. கேட்பார்கள் என்று நினைத்தாள்.

ஏர்னெஸ்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நீர் இப்ப என்னவா வந்திட்டீர் எண்டு சொன்னனீர்?”

“டெவலப்பர், சேர்.”

“இந்தச் சங்கத்தின்ரை யாப்பு விதிகளிலை அப்பிடி ஒரு பதவி இல்லை. ஆரிட்டை அனுமதி எடுத்தனீர்?”

“போன்தான் சேர் சொன்னது.”

“போன் சங்கத்தின்ரை சொத்து. சங்கத்தின்ரை சொத்து சங்கத்தைக் கேளாமல் ஒருத்தருக்குப் பட்டம் குடுக்கேலாது.”

விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர். முறைப்பாட்டாளர்களும் அவர்களே. குழு ஒரு பின்னேரம் செல்வநாயகி வீட்டுக்கு வந்து, விறாந்தையில் அமர்ந்து, தேத்தண்ணியும் வடையும் முடித்த பிறகு, குற்றம் நடந்த விதத்தைச் செய்து காட்டும்படி கேட்டது. அவள் பதிப்பு எண்ணில் மறுபடி தட்டினாள். தேவையில்லை, நீங்கள் ஏற்கனவே டெவலப்பர் என்று போன் சொன்னது. சீவரத்தினம் அதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் திமிரான பதில் என்று எழுதிக்கொண்டார். அதைத் தான் சொல்லவில்லை, போன் சொன்னது என்று அவள் விளக்கினாள். போனின் பதிலுக்குப் போனை வைத்திருப்பவர் பொறுப்பு என்று ஏர்னெஸ்ட் தெளிவுபடுத்தினார்.

அறிக்கை அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. செல்வநாயகியின் செயலி வேலை செய்வதைக் குழு நேரில் அவதானித்தது. மற்றவர்களின் செயலிகள் வேலை செய்யாதிருக்கையில் ஒருவருடையது மட்டும் வேலை செய்வது சமத்துவத்துக்கு முரணானது. அந்தப் பெண்மணி தானியங்கு புதுப்பிப்பை உடனே மறுபடி போட வேண்டும். போடாவிட்டால் புதுப்பிப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து அவருடைய முறை நிறுத்தப்படும்.

புதுப்பிப்பு விழா என்பதை அப்போதுதான் எல்லோரும் கேள்விப்பட்டார்கள். சுபாஸ் விளக்கினான். பிழை எங்கே என்று தான் இரவு பகலாக ஆராய்ந்து கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னான்.

“ஆளாளுக்குத் தனித்தனியா அப்டேற் ஆனதாலைதான் உந்தப் பிரச்சினை. எல்லாரும் ஒரே நேரத்திலை அமத்தினா செயலிக்கு விளங்கும்.”

“என்ன விளங்கும்?” என்று தேவராசா கேட்டார்.

“ஒற்றுமை, அண்ணை.”

மிச்சமிருந்த நல்ல போன்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே நொடியில், மோட்டார் அறை வாசலில் வைத்துப் புதுப்பிப்பது. கொழும்பிலிருந்து திட்ட முகாமையாளர் றொகான் பிரதம விருந்தினர். அதுவரை யாரும் தன்னிச்சையாகப் புதுப்பிக்கக்கூடாது. போன்கள் தாமாகப் புதுப்பிக்காமலிருக்க என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் செல்வநாயகியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏர்னெஸ்ட் அடுத்த விடயத்துக்குப் போனார். விழா நடக்கும்வரை பங்குக்காரர்கள் போன்களைச் சார்ஜ் குறைவாக வைத்திருந்து, விழாவன்று காலை ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று சுபாஸ் அறிவித்தான்.

விழா அடுத்த போயாவில், காலையில். அன்று காலை செல்வநாயகியின் முறை. வெங்காயம் கிழங்கு பருக்கிற பருவம். அதற்கு முந்திய முறையில் மின்சாரம் நின்று பாதிக் காணிதான் நனைந்தது. மண் வெடிக்கத் தொடங்கி, தாள்களின் நுனி மஞ்சளாகிவிட்டது. இந்த முறையும் தவறினால் பிறகு இறைத்துப் பயனில்லை. விடிய எழும்பி விழாவுக்கு முன்பே இறைத்துவிடுகிறேன் என்று சுபாஸிடம் கேட்டாள். வாய்க்காலுக்கு மேல்தான் கதிரை போடுகிறோம், முதல்நாளே போட்டாயிற்று, தண்ணீர் விட்டால் விருந்தினரின் சப்பாத்து நனையும் என்றான். விழா முடிந்ததும் இறைக்கலாமா என்றாள். முடிந்ததும் பார்க்கலாம் என்றான்.

விழாக் காலையில் அவளை உள்ளே விடவில்லை. விசாரணையில் உள்ளவர் மேடைக்கு முன்னால் இருப்பது அழகில்லை என்றார்கள். மண்வெட்டியோடு வேலி ஓரமாக நின்றாள். தேவராசாவுக்குக் கதிரை கிடைத்தது, ஆனால் செயலியுள்ள போன் இல்லாததால் பின்வரிசை.

றொகான் பிந்தி வந்தார். அவருக்கும் தலைவருக்கும் மாலை, பொன்னாடை. விளக்கேற்றல். காற்றில் விளக்கு நிற்காததால் சீவரத்தினம் தன் வேட்டித் தலைப்பை விரித்து மறைத்தார், வேட்டி சற்றுக் கருகியது. றொகான் ஆங்கிலத்தில் சில வசனம் பேசினார். அதைச் சுபாஸ் நெடுநேரம் மொழிபெயர்த்தான். மொழிபெயர்ப்பில் தலைவரின் தூரநோக்குப் பற்றி றொகான் சொல்லாதவையும் இருந்தன. பிறகு ஏர்னெஸ்ட்.

“நான் இப்ப உள்ளுக்குப் போய் மோட்டருக்குப் பக்கத்திலை நிண்டு அமத்துவன். நீங்கள் வெளியிலை நிண்டு அமத்துங்கோ. தலைமை உள்ளுக்கு, மக்கள் வெளியிலை. இதுதான் எங்கடை சங்கத்தின்ரை அமைப்பு.”

தலைவரின் போனுக்கு யாருடைய முறையிலும் கதவு திறக்கும்; அதனால் திறந்து உள்ளே போனார். கதவு மூடியது. சுபாஸ் ஒலிவாங்கியில் ஒன்று, இரண்டு, மூன்று என்றான். எல்லோரும் அமர்த்தினார்கள். போன்கள் எல்லாம் கறுத்தன. அந்த நேரத்தை வீணாக்காமல் சீவரத்தினம் நன்றியுரை வாசித்தார். றொகான் நன்றியுரையின் நடுவில் மணிக்கூட்டைப் பார்த்து எழுந்தார். கொடிகாமத்தில் இன்னொரு திறப்பு விழா இருந்தது. அறிக்கைக்கான படத்தைப் பின்னேரத்துக்குள் அனுப்பிவிடும்படி சுபாஸிடம் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

போன்கள் ஒவ்வொன்றாக விழித்தன. புதிய முகம். சுபாஸ் நீர்முறையைத் தட்டினான். பொருந்தாது என்று வந்தது. பக்கத்தில் இருந்தவருடையதை வாங்கித் தட்டினான். பொருந்தாது. எல்லோருடையதும் ஒரே நேரத்தில், ஒரே வசனத்தில், ஒற்றுமையாகப் பொருந்தவில்லை.

உள்ளேயிருந்து கதவில் தட்டும் சத்தம் கேட்டது. அது நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

மறுபடி தட்டும் சத்தம். பிறகு சுவரின் உச்சியிலிருந்த காற்றோட்ட ஓட்டை வழியாக ஏர்னெஸ்டின் குரல். தன் போனும் பொருந்தவில்லையாம். பூட்டுக் கம்பனிக்குச் சுபாஸ் அழைத்தான். போயா, விடுமுறை. கதவை உடைக்கலாம் என்று தேவராசா சொன்னார். சொன்ன விதத்தில் ஆவல் தெரிந்தது. திட்டச் சொத்தை உடைத்தால் அடுத்த கட்டத்துக்குக் காசு வராது என்று உள்ளேயிருந்தே தலைவர் மறுத்தார்.

சுபாஸ் வேலிப் பக்கம் பார்த்தான்.

“நாயகியக்கா, உங்கடை போன் வேலை செய்யுதோ?”

“ஓம் தம்பி. இப்ப என்ரை முறைதானே.”

“அப்ப ஒருக்காத் திறங்கோவன்.”

அவள் மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு வந்தாள். கதவு திறந்தால் மோட்டாரைப் போடலாம் என்பதைத் தவிர அவள் மனதில் எதுவும் இல்லை. போனை எடுத்தபோது ஓட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“பொறுங்கோ. ஆரின்ரை போன் அது?”

சுபாஸ் சொன்னான்.

“அது விசாரணையிலை இருக்கிற போன். அதாலை என்னை வெளியிலை எடுத்தா அவ செய்தது சரி எண்டு சங்கம் ஒப்புக்கொண்ட மாதிரிப் போயிடும். முதல்லை தீர்மானம் எடுங்கோ. பேந்து திறக்கலாம்.”

ஆகவே கூட்டம் கூடியது. தலைவர் உள்ளிருந்து தலைமை தாங்கினார். தேவாரமும் ஜெபமும் வேண்டாம் என்றார். மௌன அஞ்சலி என்று சுபாஸ் கேட்டான். சுருக்கமாக என்றார் தலைவர். எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். உள்ளே அவரும் நின்றிருப்பார். அந்த அறைக்குக் கொங்கிறீற் கூரை, யன்னல் கிடையாது, வெயில் நன்றாக ஏறியிருந்தது.

சீவரத்தினம் பிரேரணையை எழுதி வாசித்தார். அகப்பட்ட தலைவரை மீட்கும் பொருட்டு என்று தொடங்கியது.

“‘அகப்பட்ட’ எண்டு போடாதேங்கோ,” என்றது ஓட்டை. “‘உள்ளே கடமையிலிருந்த’ எண்டு போடுங்கோ.”

மாற்றினார்கள்.

“‘மீட்கும்’ எண்டதும் வேண்டாம். ‘வெளியே வர உதவும்.’”

மாற்றினார்கள். குரல் சற்று மெலிந்திருந்தது. ‘உதவும்’ என்பதையும் ‘ஒத்துழைக்கும்’ என்று மாற்றச் சொன்னார். செல்வநாயகி வானத்தைப் பார்த்தாள். மத்தியானத்தோடு அவள் முறை முடிந்துவிடும். முடிந்தால் அவள் போனுக்கும் கதவு திறக்காது. அதைச் சொன்னாள். விசாரணையில் உள்ளவர் கூட்டத்தில் கதைக்க முடியாது என்று சீவரத்தினம் ஞாபகப்படுத்தினார். பிறகு அவள் சொன்னது விளங்கி, மிச்சத்தை வேகமாக வாசித்தார்: விசேட நிலைமையில், ஒரு தரம் மாத்திரம், செல்வநாயகி என்பவரின் போன் பாவிக்கப்படலாம், பாவித்ததும் அதைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும், செயலாளர் அதில் புதுப்பிப்பைப் போட்டு மற்றப் போன்களைப் போல ஆக்குவார். கைகள் உயர்ந்தன. ஏகமனதாக நிறைவேறியது. உள்ளேயிருந்தவரின் கை உயர்ந்ததா என்று தெரியவில்லை, உயர்ந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

செல்வநாயகி அமர்த்தினாள். பூட்டு விலகியது. சுபாஸ் கதவைத் தோளால் தாங்கிப் பிடித்தான். ஏர்னெஸ்ட் வெளியே வந்தார். மாலை வாடி, பொன்னாடை முதுகில் ஒட்டியிருந்தது. படியிலே நின்று, இந்த அனுபவம் பூட்டின் உறுதியை எல்லோருக்கும் நிரூபித்துவிட்டது என்று பேசத் தொடங்கினார்.

அவர் பேசும்போது செல்வநாயகி அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தாள். சுபாஸ் கதவைத் தோளால் தாங்கியபடியே கையை நீட்டினான்.

“போனைத் தாங்கோ அக்கா. தீர்மானம்.”

“முறை முடியட்டும், தாறன்.”

“இப்ப தரவேணும்.”

“இப்ப என்ரை கை ஈரம்,” என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைக்குள் செருகி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் நடந்தாள். தண்ணீர் அவளுக்குப் பின்னால் வந்தது. கதிரைகளில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். றொகானுக்குப் போட்ட மாலை ஒன்று கீழே கிடந்தது, அதுவும் தண்ணீரோடு அவள் காணிக்குப் போயிற்று. அவள் காணி தோட்டத்தின் கடைசித் தொங்கலில், வடலிகளுக்கு அப்பால். மோட்டார் ஓடும்போது அங்கே வேறொன்றும் கேட்காது. முதற் பாத்தியின் மண்ணை வெட்டி விட்டாள். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கியது. அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள்.

மோட்டார் அறை வாசலில் சுபாஸுக்குப் படம் நினைவு வந்தது. கதவு மூடியிருந்ததால் தலைவர் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று அமர்த்திய அந்த நொடியை ஒருவரும் எடுக்கவில்லை. பின்னேரத்துக்குள் அனுப்ப வேண்டும். இப்போது மோட்டாரும் ஓடுகிறது, படத்துக்கு இன்னும் நல்லது என்றான்.

ஏர்னெஸ்ட் முகத்தைத் துடைத்து, பொன்னாடையைச் சரிசெய்து, தலைமயிரை விரலால் வாரினார். தேவராசா வேலிப் பக்கம் போய்த் தேடி, பழைய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

“சேர், எதுக்கும் இதை வைப்பம்.”

“கல்லு படத்திலை விழும் தேவராசா. தீர்மானம் ஒண்டு இருக்கெல்லே.”

தேவராசா கல்லைக் கீழே வைக்கவில்லை. இடுப்பில் அணைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். ஏர்னெஸ்ட் உள்ளே போய் ஒரு கையை மோட்டாரில் வைத்து, மற்றக் கையில் போனை உயர்த்திப் பிடித்தார். சுபாஸ் வாசலில் நின்று கதவைக் காலால் தடுத்துக்கொண்டு தன் போனை உயர்த்தினான். புதுப்பித்த பிறகு கமரா நன்றாக வேலை செய்தது. படத்தில் மோட்டார் விழுந்தால் தலைவரின் தலை விழவில்லை, தலை விழுந்தால் சுவரிலிருந்த கொடி விழவில்லை.

“கொடி கட்டாயம் வேணும்,” என்றார் ஏர்னெஸ்ட். “கொஞ்சம் பின்னுக்குப் போம்.”

சுபாஸ் உடம்பை வளைத்துப் பார்த்தான். போதவில்லை.

“இன்னும் ஒரு அடி போமன் காணும்.”

சுபாஸ் போனான். கதவு தன்பாட்டில் வந்து மூடி, பூட்டு விழுந்தது.